நூலகத் தெரு வழியாக

மார்ச் 3, செவ்வாய்

வங்கிக் கட்டிடத்தின் தூண்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், பாவிகள். எவ்வளவு அழகான சாம்பல் நிறக் கல்! அதன் மேல் பாலாடை நிறத்தில் ஒரு பூச்சு. நாலு தூணும் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்ட பயில்வான்கள் மாதிரி நிற்கின்றன. எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

சிக்னலில் பஸ்ஸை நிறுத்தி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பின்னால் நிற்கிறவனெல்லாம் ஹாரன் அடிக்கிறான். நடத்துனர் விசில் (பட்டப்பெயர்தான். அவருக்கு வாயே விசில், ஊதுகிற விசில் எப்போதும் சட்டைப் பையில்தான்) எட்டிப் பார்த்து, "பைலட்டம்மா, தூணுக்குக் கண்ணு வெச்சது போதும். சிக்னல் விழுந்து ஒரு யுகமாச்சு" என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

ஏழு வருஷமாக இதே தடம். ரயில் நிலையத்தில் கிளம்பி, வங்கி, அப்புறம் நூலகத் தெரு, அங்கிருந்து மேட்டில் ஏறி எங்கள் தெரு, கடைசியில் மருத்துவமனை. மற்ற ஓட்டுநர்களெல்லாம் புறவழிச்சாலைத் தடம் கேட்டு மேலாளரிடம் நச்சரிக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். புறவழிச்சாலையில் பார்க்க என்ன இருக்கிறது? டயர் கடை, டயர் கடை, பெரிய டயர் கடை.

மார்ச் 6, வெள்ளி

இன்று அக்காவும் நானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். நான் வெளியே, அவள் உள்ளே.

அக்காவுக்குப் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் பிரிவில் பொறியாளர் வேலை. நூலகத்தின் வாசிப்புக்கூடச் சுவரில் விரிசல் கண்டிருக்கிறது என்று அவளை அனுப்பியிருக்கிறார்கள். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் காரை பூசி ஒட்டிவிட்டு வந்தாளாம். சுவர் மயிரிழை அளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அதற்கு 'சாட்சி' என்று பேராம். "பொய் சொல்லத் தெரியாத சாட்சி" என்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது பெருமை அடித்துக்கொண்டாள். அப்பா, "உன்ன விட நல்ல பிள்ளைன்னு சொல்லு" என்றார்.

நூலகம் எனக்கும் செல்லம்தான். சிவப்புச் செங்கல், ஆளுயரத்துக்கு மேல் ஜன்னல்கள், கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் கல் ஆந்தைகள். தெரு அங்கே அவ்வளவு குறுகல். நான் பஸ்ஸின் வலது பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் திரும்புவேன். ஜன்னலுக்கு உள்ளே யார் என்ன பக்கம் படிக்கிறார்கள் என்று என் இருக்கையிலிருந்தே சொல்லிவிடலாம்.

அப்பா அங்கே சதுரங்கம் ஆடுவதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு தையல்காரரிடம் தினமும் தோற்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

கண்ணாடி உடைந்துவிட்டதாம். காலையில். வேறொன்று ஒட்டியிருக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

அதுவும் உடைந்துவிட்டது. அதுவும் காலையில்தான்.

டிப்போவில் ஒரே பேச்சு. நூலகத் தலைவர், "பேருந்துகளின் அதிர்வால் கட்டிடம் பிளக்கிறது, தடத்தைப் புறவழிச்சாலைக்கு மாற்றுங்கள்" என்று மாநகராட்சிக் குழுவுக்கு எழுதிவிட்டாராம். ஏப்ரல் தொடக்கத்தில் குழு கூடி முடிவு செய்யுமாம்.

அந்த மனிதரை எனக்குத் தெரியும். நான் வைத்த பெயர் கிசுகிசு. வாழ்நாள் முழுக்க நூலகத்தில் இருந்து இருந்து குரலே அப்படி ஆகிவிட்டது. ஒரு தடவை நான் ஹாரன் அடித்ததற்கு ஓடி வந்து திட்டினார். திட்டுவது கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க சார்" என்றேன். அதற்கும் கிசுகிசுவென்றே ஏதோ சொன்னார்.

தடம் மாறினால் மற்றவர்களுக்கு என்னவோ. எங்கள் தெருவுக்கும் நூலகத்துக்கும் இடையில் வேறு வண்டி கிடையாது. ஒரு பக்கம் செங்குத்தான மேடு, இன்னொரு பக்கம் கல் படிக்கட்டு. அப்பாவின் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு — வேண்டாம். இப்போதே ஒப்பாரி வைக்க வேண்டாம்.

மார்ச் 14, சனி

அக்கா வந்தாள். சண்டை.

"நீ என்ன எழுதப் போற?" என்றேன்.

"பாத்தத எழுதுவேன். ரெண்டு தடவையும் காலையில உடைஞ்சிருக்கு. காலையிலதான் பஸ் நெருக்கம்."

"அப்பா எப்படி நூலகம் போவாரு?"

"கண்ணாடி அப்பா மூஞ்சியப் பாத்து உடையாதுடி."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னென்னவோ கத்தினேன். பெரிய இன்ஜினியர் வந்துட்டா, ஸ்கூட்டர்ல போறவளுக்கு பஸ்ஸப் பத்தி என்ன தெரியும், சுவருக்குப் பாக்குற பாசத்த அப்பாவுக்குப் பாரேன் — இப்படி. அவள் முகம் செத்துப்போனது. "அந்தச் சுவர் விழுந்தா அதுக்குக் கீழ உக்காந்திருக்கிறது யாருன்னு நெனைக்கிற? அவர்தான்டி" என்று சொல்லிவிட்டு டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டாள்.

நான் ஏன் அதை யோசிக்கவில்லை?

அப்பா உள்ளே இருந்து, "யாராவது என்னக் கேட்டீங்களா? நூலகம் என்ன பெரிய நூலகம், பேப்பர வீட்டுக்கே வாங்கிப் படிச்சுக்கிறேன்" என்று குரல் கொடுத்தார். பேப்பருக்காகவா அவர் போகிறார்? ஐந்து வருஷமாக அந்தத் தையல்காரரை ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்று போகிறார்.

மார்ச் 17, செவ்வாய்

மனசு சரியில்லாத நாளில் ரயில் நிலையம் ஒரு மருந்து. அந்த இரும்புக் கூரையின் கீழே வண்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தால் போதும். ஒவ்வொரு வளைவிலும் இரும்பில் இலை, பூ, கொடி. இந்த உயரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தக் கொல்லர் நினைக்கவே இல்லை. புறாக்களுக்காகச் செய்தாரோ என்னவோ.

புதுப் பேருந்து நிறுத்தங்களைச் செய்தவர் நேர் எதிர். மழைக்கு நனையும், வெயிலுக்குக் காயும், உட்கார்ந்தால் வழுக்கும். அதில் ஒரு பயணி உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை, செய்தவர் உட்பட.

மார்ச் 19, வியாழன்

இன்று அப்பா ஒரு காரியம் செய்தார்.

நான் வேலைக்குக் கிளம்பின பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், படிக்கட்டு வழியாக நூலகத்துக்கு நடந்தே புறப்பட்டிருக்கிறார். "பஸ் நின்னா என்ன செய்யறதுன்னு ஒத்திகை பாத்தேன்" என்கிறார். இறங்குவதில் பாதி தூரம் போய்விட்டார். அதற்கு மேல் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, திரும்பி ஏறவும் முடியவில்லை. நடுப்படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் "சும்மா காத்து வாங்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். வெயில் ஏறும் வரை காற்று வாங்கியிருக்கிறார், மனிதர்!

கடைசியில் சலவைக்கடைக்காரரும் அவர் தம்பியும் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவரை உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். "ராஜா மாதிரி வந்தேன்" என்று என்னிடம் ஜம்பம். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவுதான். பஸ் போனால் இவர் இந்த மூன்று அறைக்குள்தான் இனி. நடக்க முடியாது என்பது அவருக்கும் இன்று தெரிந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது சதுரங்கப் பேச்சே எடுக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அக்காவிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. யார் முதலில் என்று பார்ப்போம்.

மார்ச் 22, ஞாயிறு

அவள்தான் முதலில். நாற்காலி விஷயம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், முட்டிக்குத் தடவ மருந்தோடு வந்து நின்றாள். அப்பா காலை நீட்டிக்கொண்டு ஒரு மகள் மருந்து தடவ, ஒரு மகள் விசிற, "பஸ்ஸ நிறுத்தினா இப்படியெல்லாம் கவனிப்பு உண்டுன்னா நிறுத்தட்டும்" என்றார்.

வாசலில் அவளை நிறுத்தி, "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றேன்.

"நீ என்னைக்கு யோசிச்சுப் பேசின?" என்றாள். சமாதானம்.

அவளுக்கும் உறுத்தல் இருக்கிறதாம். பஸ் அதிர்வு என்றால் விரிசல் கீழே அடித்தளத்தில் ஆரம்பித்து மேலே போக வேண்டும், இது மேலே ஆரம்பித்துக் கீழே வருகிறது என்கிறாள். செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப் போகிறாளாம்.

மார்ச் 24, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது?

காலை இரண்டாவது நடை. வண்டி நிறையக் கூட்டம், முன் இருக்கையில் அப்பா. நூலகத் தெரு வளைவில் பாதி திரும்பியிருப்பேன், கிளட்ச் போய்விட்டது. மிதித்தால் சொத்தென்று உள்ளே போகிறது, திரும்பி வரவில்லை. கியர் விழவில்லை. வண்டி தெருவுக்குக் குறுக்கே, முகம் நூலகத்தைப் பார்த்தபடி, பின்பக்கம் எதிர் வீட்டுப் படியை உரசியபடி. ஒரு சைக்கிள்கூட நுழைய வழியில்லை. பின்னால் இரண்டு பஸ், எதிரில் ஒரு பஸ், எல்லாம் நின்று, எஞ்சினை அணைத்துவிட்டன.

சாபம் என்றால் சாபம். "இதுக்குத்தான் எங்க தெருவுக்குப் பஸ்ஸே வேணாங்கிறோம்" என்று எதிர் வீட்டம்மா. "வேலைக்கு யார் போறது, உங்க தாத்தாவா?" என்று ஒருவர். விசில் மட்டும், "எல்லாரும் இறங்கி நூலகத்தப் பாருங்க, இலவசம்" என்று சமாளித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டுகிறது. தடத்தைத் தூக்க ஒரு காரணம் போதாதென்று நானே இன்னொன்றைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேனே!

அப்போது நூலகத்துக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. "உடைஞ்சிருச்சு! ஏய், உடைஞ்சிருச்சுடி!" என்று குதிக்கிறாள். என் கையைப் பிடித்துச் சுற்றுகிறாள்.

"என்னம்மா உடைஞ்சது?" என்றார் வேலைக்குப் போகிறவர்.

"கண்ணாடி!"

"அதுக்கா இந்தக் குதி?"

விசில் பதறிப்போய் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

எனக்கு ஒரு நொடி ஆயிற்று புரிய. தெருவில் ஒரு சக்கரம் உருளவில்லை, நாலு பஸ்ஸும் பொம்மை மாதிரி நிற்கின்றன. அக்காவின் கண் முன்னால், டிக்கென்று, சாட்சி உடைந்திருக்கிறது.

"அப்ப நாங்க இல்லியா?"

"உஷ்!" என்றாள் திடீரென்று. "ஏதோ சத்தம் கேக்குது பாரு."

கேட்டது. நூலகத்தின் மேலிருந்து, உர்ரென்று ஒரு சத்தம். எங்கள் எஞ்சின்கள் ஓடுகிறபோது யாருக்கு அது கேட்கும்? தண்ணீர் மோட்டார்.

இழுவை வண்டி வர எப்படியும் நேரமாகும், விசிலிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு நானும் அவளோடு ஏறினேன். மொட்டைமாடிக் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்குமாம், இன்று திறந்திருந்தது. அக்கா முன்பே மேலே பார்க்கக் கேட்டிருக்கிறாள், "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் செடி" என்றிருக்கிறார் தலைவர்.

கொஞ்சம் செடியா! காடு. பெரிய பெரிய பீப்பாய்களில் எலுமிச்சை மரங்கள், ரோஜா, தக்காளி, கம்பி முழுக்கப் பூசணிக்கொடி, ஈர மண் வாசனை. நடுவில், எங்கள் சமையலறையைவிடப் பெரிய ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, சரியாக வாசிப்புக்கூடச் சுவரின் தலைக்கு மேல். நிறைந்து வழிந்துகொண்டிருக்கிறது. கிசுகிசு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் குழாயோடு, எங்களைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "மெதுவா வாங்க… பூ வச்சிருக்கு, உதிர்ந்திடும்" என்றார். கிசுகிசுவென்றுதான்.

"சார், தொட்டிய எப்ப நிரப்புவீங்க?" என்றாள் அக்கா.

"செவ்வாய், வியாழன். காலையில. போன மாசம்தான் பெருசா வாங்கினேன்."

"இதுக்கு நேர் கீழ என்ன இருக்கு?"

"வாசிப்பு…" என்றவர் நிறுத்திவிட்டார். தொட்டியைப் பார்த்தார். பீப்பாய்களைப் பார்த்தார். குழாய் கையிலிருந்து விழுந்து அவர் பூட்ஸுக்குள்ளேயே தண்ணீர் போயிற்று, அதுகூடத் தெரியவில்லை. அப்படியே ஒரு பீப்பாய் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா?" என்றார். "கட்டிடத்தக் காப்பாத்தத்தானேம்மா நான் எழுதினேன்."

இரண்டு வாரமாக மனசுக்குள் நான் இவருக்குப் போட்ட திட்டு கொஞ்சமில்லை. குனிந்து மோட்டாரை நிறுத்தினேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மார்ச் 25, புதன்

தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள். ஆனால் அக்கா பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள்! "பஸ் மேல குத்தமே இல்லன்னு நான் சொல்லல. பாரத்த இறக்கியாச்சு. புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கேன். குழு கூடுற வரைக்கும் பஸ்ஸும் ஓடட்டும். நின்னா நின்னுச்சு, உடைஞ்சா உடைஞ்சதுன்னு எழுதுவேன்."

இவள் என் அக்காவா, இல்லை அந்தக் கண்ணாடியின் அக்காவா?

மார்ச் 27, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். நூலகம் வந்ததும் முதல் கியரில் பூனை மாதிரி உருட்டிக்கொண்டு போனேன். யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்துகொண்டு அக்கா கத்துகிறாள்: "நீ இப்படி உருட்டினா நான் எதடி சோதிக்கிறது? வழக்கமா ஓட்டுற மாதிரி ஓட்டு!"

பயணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த ஓட்டுநரையாவது வேகமாகப் போகச் சொல்லி யாராவது திட்டுவார்களா?

அடுத்த நடையிலிருந்து வழக்கம்போல ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வேண்டுதல்: கண்ணாடியே, கண்ணாடியே, என் தங்கமே, இரு.

மார்ச் 30, திங்கள்

இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

குழு கூடியது. விடுப்பு எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மாநகராட்சி மன்றத்தின் உட்கூரையில் மரத்தில் என்ன வேலைப்பாடு தெரியுமா? இத்தனை வருஷம் வெளியிலிருந்தே பார்த்து ஏமாந்திருக்கிறேன். ஆனால் இன்று அண்ணாந்து பார்க்கவும் பயம், அக்கா பேசுவது தவறிவிடுமோ என்று.

தொட்டி, ஈர மண், தேதிகள், பஸ்கள் நின்ற காலை எல்லாவற்றையும் சொன்னாள். புதுக் கண்ணாடி முழுசாக இருப்பதையும் சொன்னாள். அவள் உட்கார்ந்ததும், யாரும் கூப்பிடாமலே கிசுகிசு எழுந்தார். "என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார். ஒருவருக்கும் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றார் குழுத் தலைவர். அந்த மனிதர் மூச்சை இழுத்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, "தப்பு என் மேல! பஸ் போகட்டும்!" என்றார். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே தெரியாது போலிருக்கிறது, திடுக்கிட்டுப்போய் உட்கார்ந்தார். என் கை தானாகத் தட்டியது.

தடம் மாறாது. ஒரே நிபந்தனை: முன்னெச்சரிக்கையாக நூலகத்தின் முன்னால் எல்லாப் பஸ்ஸும் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். அக்கா போட்ட நிபந்தனை. பார்த்துக்கொண்டேன் அவளை. கண்ணைச் சிமிட்டினாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாடித் தோட்டத்தைக் காலி செய்யும் நாள். பீப்பாய்களைக் கிரேன் எடுத்துப்போனது. சின்னச் செடிகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கிசுகிசு அறிவித்துவிட, எங்கள் மேட்டுத் தெருவே வந்துவிட்டது. எல்லாரும் எப்படிப் போவார்கள்? என் பஸ்ஸில்தான். ஆளுக்கொரு செடி மடியில், நடைபாதையில் தக்காளி, கடைசி இருக்கையில் நாலு ரோஜா.

கிசுகிசு ஓர் எலுமிச்சைக் கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். விசில் இரண்டு டிக்கெட் கிழித்தார். "ஒருத்தர்தானே?" என்றார் இவர். "கன்னு சீட்டுல உக்காந்திருக்கே சார்" என்றார் அவர். இரண்டையும் வாங்கிக்கொண்டார், பாவம்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு ரோஜா வந்திருக்கிறது. அப்பா அதற்கு இன்று மூன்று தடவை தண்ணீர் ஊற்றிவிட்டார். பிழைக்காது.

ஏப்ரல் 20, திங்கள்

டிப்போ மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு புகார். முழுப்பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதியது.

'காலை இரண்டாவது நடை ஓட்டுநர், நூலகத்தின் முன்னால் கட்டிடத்தை வேடிக்கை பார்த்தபடி ஊர்ந்து செல்கிறார். கேட்டால் நிபந்தனை என்கிறார். நடக்கிற வேகம் என்றால் யாருடைய நடை? என் நடையா? இதனால் எனக்குத் தினமும் தாமதமாகிறது. எதிராளி எனக்கு முன்பே வந்து வெள்ளைக் காய்களை எடுத்துக்கொள்கிறார். தக்க நடவடிக்கை எடுக்கவும்.'

கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

"யாரும்மா இந்த ஆளு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார் மேலாளர்.

"நம்ம பஸ்ல தினமும் வர்றவர் சார்" என்றேன்.